எலி இரத்தத்தில் ஏறிய கொழுப்பு யார் கணக்கு?

இத்தாலியின் தென்கிழக்கு மூலையில் அபூலியா என்றொரு பகுதி. அங்கே ஒரு குன்றின் உச்சியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற எண்கோணக் கோட்டை நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் கட்டியது. ஊர் சுற்றப் போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மிலான் நகரத்து ஃபார்மிடாலியா மருந்து நிறுவனத்துக்கு வேண்டியிருந்ததோ கோட்டை அல்ல, பக்கத்தில் கிடந்த மண்!

ஆச்சரியப்பட வேண்டாம். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து ஒரு மண் நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தாலும் கிடைத்தது, உலகத்து மருந்து நிறுவனங்கள் எல்லாம் மண்ணை அள்ள ஆரம்பித்துவிட்டன. ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவற்றில் ஏதாவது ஒன்று ஏதாவது ஒரு நோய்க்கு மருந்து சுரக்காதா என்ற நப்பாசை. அபூலியா மண்ணில் சிவப்பு நிறப் பொருள் ஒன்றைச் சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை கிடைத்தது. 1960-களின் தொடக்கத்தில், ஃபிரான்சில் இன்னொரு நிறுவனமும் தனியாக அதே பொருளைக் கண்டுபிடித்தது. அபூலியாவில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த டாவுனி இனத்தாரின் பெயரையும், மாணிக்கக் கல்லைக் குறிக்கும் ஃபிரெஞ்சுச் சொல்லையும் ஒட்டி 'டானோரூபிசின்' என்று பெயர் வைத்தார்கள். இரத்தப் புற்றுநோயில் அது வேலை செய்தது.

அதோடு விடவில்லை மிலான்காரர்கள். அந்த நுண்ணுயிரின் மரபணுவை மாற்றி இன்னொரு வகையை உருவாக்கினார்கள். அது சுரந்தது கிட்டத்தட்ட அதே பொருள்தான், ஒரே ஒரு ஆக்சிஜன் அணு மட்டும் கூடுதல். அந்த ஒரு அணு மருந்தின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. இரத்தப் புற்றுநோயோடு நிற்காமல் மார்பகம், நிணநீர், எலும்பு என்று பல புற்றுநோய்களை அது தாக்கியது. பக்கத்தில் இருந்த ஏட்ரியாடிக் கடலின் பெயரால் 'அட்ரியாமைசின்' என்றார்கள். மருத்துவப் பெயர் டாக்ஸோரூபிசின். வேதியியல் வேலையை முன்னின்று செய்த ஃபெடரிகோ அர்காமோனேயும் சகாக்களும் 1969-இல் இதைப் பற்றி வெளியிட்டார்கள். 1974-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் கீமோதெரபியில் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஊசியில் ஏற்றும்போதும் சிவப்பு, சிறுநீரில் வெளிவரும்போதும் சிவப்பு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் நோயாளிகள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'சிவப்புப் பிசாசு'.

பிசாசு என்ற பெயர் நிறத்துக்காக மட்டும் வந்தது இல்லை.

1967-லேயே நியூயார்க் மருத்துவர்கள் டானோரூபிசின் கொடுத்த குழந்தைகளிடம் இதயக் கோளாறைக் கண்டு எழுதினார்கள். தங்கை மருந்தான டாக்ஸோரூபிசினும் அதே வழியில்தான் போனது. 1973-இல் அமெரிக்காவில் 399 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வில் 11 பேருக்குக் கடுமையான இதயச் செயலிழப்பு. புற்றுநோய் அடங்கிக்கொண்டிருக்கும்போதே இதயம் நீர் கோத்து நின்றுபோனது. அந்த ஆய்வு ஒரு எல்லைக்கோட்டைப் போட்டது: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 550 மில்லிகிராமுக்கு மேல் வாழ்நாளில் கொடுக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு 60 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது சுற்று. பத்தாவது சுற்று தேவைப்படும் நோயாளிக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை இல்லை.

அந்தக் கோடும் பாதுகாப்பானதாக இல்லை. 1979-இல் நான்காயிரம் பேருக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தபோது 550-ஐத் தொட்டவர்களில் சுமார் 7% பேருக்கு இதயம் செயலிழக்கும் என்று கணக்கு வந்தது. 2003-இல் இன்னும் கவனமாகக் கணக்கிட்டபோது அது 26%! குழந்தைகள் கதை இன்னும் கொடுமை. சிறு வயதில் இரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்த 115 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 1991-இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு (57%) இதயத்தின் இயக்கத்தில் ஏதோ ஒரு குறை. நோயை வென்று பள்ளிக்கூடம் போய் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

இந்த மருந்து ஏன் இதயத்தைக் குறி வைக்கிறது? மனித இதயத்தை வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே முயல், எலி, சுண்டெலி, வெள்ளெலி, நாய், பன்றி என்று வரிசையாக விலங்குகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. அந்த விலங்குகளின் உடம்பில் ஆய்வாளர்கள் அதிகம் துருவிப் பார்த்த பொருள்களில் ஒன்று கொழுப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாரும் 'கொழுப்பு' என்றுதான் எழுதினார்கள், ஆனால் ஆளுக்கொரு கொழுப்பைப் பற்றி எழுதினார்கள்.

முதல் கொழுப்பு, செல்லின் சவ்வில் இருப்பது.

பழைய முறுக்கை டப்பாவிலிருந்து எடுத்தால் ஒரு காறல் வாடை வருமே, அதுதான் விஷயம். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜன் தாக்கி உடைப்பதால் வரும் வாடை அது. நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். டாக்ஸோரூபிசின் செல்லுக்குள் நுழைந்ததும் ஒரு எலெக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடும். மறுபடி வாங்கும், மறுபடி கொடுக்கும். ஒவ்வொரு முறையும் அடங்காத ஆக்சிஜன் துணுக்கு ஒன்று பிறக்கும். பக்கத்தில் இரும்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். சவ்வு காறிப்போகும்.

1977-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சார்ல்ஸ் மையர்ஸ் குழு இதைச் சுண்டெலிகளில் காட்டியது. உணவுப் பண்டங்கள் காறிப்போனதைக் கண்டுபிடிக்க உபயோகித்து வந்த அதே இளஞ்சிவப்பு நிறச் சோதனைதான் இங்கே சுண்டெலியின் இதயத்துக்கும் கைகொடுத்தது. மருந்து போட்ட சில நாட்களில் இதயத்தில் காறல் பொருள் கூடியது. முன்கூட்டியே வைட்டமின்-ஈ கொடுத்த சுண்டெலிகளில் அது கூடவில்லை, சாவும் குறைந்தது. அதைவிட முக்கியம், புற்றுநோயைக் கொல்லும் வேலை கெடவில்லை! அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் பிறகு இன்னொன்றையும் காட்டினார்கள். ஆக்சிஜன் துணுக்குகளை அடக்கும் கேட்டலேஸ் என்ற நொதி கல்லீரலில் ஏராளம், இதயத்தில் மிகக் குறைவு. காவலாளி இல்லாத வீடு என்பதால்தான் திருடன் அங்கே நுழைகிறான் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அல்லது விளங்கியதாக நினைத்தார்கள். விலை மலிவான ஒரு வைட்டமின் மாத்திரை போதும் என்றால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 1980-இல் நெதர்லாந்தில் முயல்களுக்குச் சிறிது சிறிதாக வாரக்கணக்கில் மருந்து கொடுத்து வைட்டமின்-ஈயைச் சோதித்தார்கள். காப்பாற்றவில்லை. 1982-இல் நோயாளிகளிடம் செய்த சோதனையும் கைவிரித்தது. சுண்டெலிக்கு ஒரே பெரிய ஊசி, சில நாட்களில் முடிவு. மனிதனுக்கு மாதக்கணக்கில் பல ஊசிகள், பல வருடம் கழித்துக்கூட வியாதி. இரண்டும் ஒரே நோயா என்ற சந்தேகம் அப்போதுதான் பலமாக எழுந்தது. ஆனாலும் 'காறல்' கொள்கையை யாரும் விட்டுவிடவில்லை. அளப்பது சுலபம், செலவும் குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது கொழுப்பு, இதயத்தின் அடுப்பில் எரியும் விறகு.

மூளைக்குப் பிடித்தது சர்க்கரை. இதயத்துக்குப் பிடித்தது கொழுப்பு. ஆரோக்கியமான இதயம் தனக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 60 முதல் 70% வரை கொழுப்பு அமிலங்களை எரித்தே பெறுகிறது. ஓய்வே இல்லாமல் துடிக்க வேண்டும், கையிருப்போ சில நொடிகளுக்குத்தான். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கும் குடும்பம் மாதிரி. அதனால்தான் இதயச் செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்புகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

கொழுப்பு அமிலம் அந்த அடுப்புக்குள் தானாக நுழைய முடியாது. கார்னிடைன் என்ற ஆள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும். 1905-இல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது, பெயரும் இறைச்சி என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இது குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருந்தது. தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சைக் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்தால் இதயத்தில் கொழுப்புத் துளிகள் சேரும். அந்த இதயங்களில் கார்னிடைன் குறைந்திருக்கிறது என்றும், அதைத் திரும்பக் கொடுத்தால் கொழுப்பு மறுபடி எரிகிறது என்றும் 1964-இல் காட்டியிருந்தார்கள். டாக்ஸோரூபிசினும் இதே வேலையைத்தான் செய்கிறதோ?

1980-களில் பல ஆய்வுக்கூடங்கள் எலிகளுக்கு மருந்தோடு கார்னிடைனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தன. இதயம் ஓரளவு தப்பியதாக எழுதினார்கள். 1997-இல் இன்னும் நெருக்கமாகப் பார்த்தபோது, கார்னிடைனோடு கொழுப்பு அமிலத்தைக் கோக்கும் நொதியையே டாக்ஸோரூபிசின் தடுக்கிறது என்று தெரிந்தது. வாசலிலேயே தடை! விறகு குவிந்துகிடக்கிறது, அடுப்பு அணைகிறது.

உள்ளேயும் ஒரு சிக்கல் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கார்டியோலிபின் என்று ஒரு தனி வகைக் கொழுப்பு இருக்கிறது. 1942-இல் மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்க அம்மையார் மாட்டு இதயத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார், பெயரிலேயே இதயம் இருக்கிறது. (மேகநோய்க்கான இரத்தப் பரிசோதனையில் இந்தப் பொருளைத்தான் வெகுகாலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ஒரு கொழுப்புக்கு எத்தனை வேலை!) கார்டியோலிபினுக்கு எதிர்மின் சுமை, டாக்ஸோரூபிசினுக்கு நேர்மின் சுமை. காந்தம் போல ஒட்டிக்கொள்ளும். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர்கள் 1980-களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். சக்தி தயாரிக்கும் புரதங்கள் இந்தக் கொழுப்பின் மேல்தான் சாய்ந்து நிற்கின்றன. தூணையே மருந்து பிடித்துக்கொண்டால் கூரை ஆடாமல் என்ன செய்யும்?

விலங்கின் இதயத்தை வெளியே எடுத்து, குழாய் வழியாகச் சத்துநீர் செலுத்தித் துடிக்கவைக்கும் முறையை ஜெர்மனியின் லாங்கெண்டார்ஃப் 1895-லேயே செய்து காட்டிவிட்டார். அதே மாதிரி துடிக்கவைத்த இதயத்துக்கு அடையாளம் போட்ட கொழுப்பையும் சர்க்கரையையும் கொடுத்து, எது எவ்வளவு எரிகிறது என்று பார்க்கலாம். போர்ச்சுக்கலையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இப்படிச் செய்து 2010-இல் வெளியிட்டார்கள். வாரந்தோறும் டாக்ஸோரூபிசின் வாங்கிய எலியின் இதயம் கொழுப்பை விட்டுச் சர்க்கரைப் பக்கம் சாய்ந்திருந்தது. இந்த முறையின் சிறப்பு என்னவென்றால் அங்கே இதயம் மட்டும்தான் இருக்கிறது. கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை, இரைப்பை இல்லை. பழி போட வேறு ஆளே கிடையாது.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது மூன்றாவது கொழுப்பிடம் வரும்போது புரியும். இரத்தத்தில் ஓடும் கொழுப்பு. கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு என்று பரிசோதனைச் சீட்டில் வருமே, அதேதான்.

டாக்ஸோரூபிசின் கொடுத்த எலியின் இரத்தத்தை எடுத்தால் கொழுப்பு எகிறியிருக்கும். சில எலிகளில் இரத்த நீரே பால் மாதிரி வெளுத்திருக்கும். உலகமெங்கும் இதை அளந்து எழுதினார்கள். கட்டுரைகளைப் பார்த்தால் தொடர்பு இயல்பாகத் தோன்றும்: இதயம் கெட்டது, கொழுப்பை எரிக்க முடியவில்லை, எரியாத கொழுப்பு இரத்தத்தில் தேங்கியது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

ஆனால் ஒரு எலியின் இதயம் ஒரு கிராம் அளவுதான். அது சாப்பிடாமல் விட்ட கொழுப்பால் மட்டும் உடம்பு முழுக்க ஓடும் இரத்தம் வெளுத்துப்போகுமா?

விடை 1982-லேயே இத்தாலியிலிருந்து வந்துவிட்டது, ஆனால் இதய மருத்துவர்களிடமிருந்து அல்ல. பெர்காமோ நகரில் சிறுநீரகத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டுலியோ பெர்டானியும் கியூசெப்பே ரெமுஸ்ஸியும் சகாக்களும் எலிகளுக்கு அட்ரியாமைசின் ஒரே ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நாளில் எலியின் சிறுநீரில் புரதம் கொட்ட ஆரம்பித்தது. சிறுநீரகத்தின் சல்லடை ஓட்டையாகிவிட்டது. மருத்துவத்தில் இதை நெஃப்ரோடிக் நோய் என்பார்கள், குழந்தைகளுக்கு முகமும் காலும் வீங்கும் நோய். அன்று முதல் 'அட்ரியாமைசின் எலி' என்பது சிறுநீரக ஆய்வாளர்களின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது.

நெஃப்ரோடிக் நோயின் அடையாளங்களில் ஒன்று இரத்தத்தில் கொழுப்பு ஏறுவது! ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் போய்விடுவதால் அதை ஈடுகட்டக் கல்லீரல் இரவு பகலாக வேலை செய்யும். அந்த வேகத்தில் கொழுப்பைச் சுமக்கும் புரதங்களையும் சேர்த்தே தயாரித்துத் தள்ளும். அதே சமயம் இரத்தத்திலிருந்து கொழுப்பை இறக்கி எடுக்கும் நொதியின் வேலை மந்தமாகும். வரவு அதிகம், செலவு குறைவு, இருப்பு ஏறும்.

அதாவது ஒரே ஊசி, ஒரே எலி. இதயமும் கெடுகிறது, சிறுநீரகமும் கெடுகிறது. இரத்தத்தில் ஏறிய கொழுப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது? பல ஆய்வுகள் தயங்காமல் இதயத்தின் கணக்கில் பற்று எழுதிவிட்டன. கணக்குப்பதிவியல் படித்த எவரும், ஒத்துவராத தொகையை முதலில் அனாமத்துக் கணக்கில்தான் வைப்பார்கள், காரணம் தெரிந்த பிறகே உரிய கணக்குக்கு மாற்றுவார்கள். அந்தப் பொறுமை எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இல்லை.

எலியின் பட்டினியும் ஒரு தொல்லை. இந்த மருந்து வாங்கிய எலி சரியாகத் தின்னாது. உடம்பு இளைக்கும், கொழுப்புத் திசு கரையும். தீனி குறைந்தாலே உடம்பின் கொழுப்புக் கணக்கு மாறிவிடும். மருந்து வாங்காத எலிக்கும் அதே அளவு தீனியை மட்டும் கொடுத்து ஒப்பிட்டால்தான் நியாயம். அப்படிச் செய்யாத ஆய்வுகளும் நிறைய.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மருத்துவ உயிர்வேதியியல் துறையினர் அட்ரியாமைசின் எலிகளை வைத்துத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2003-இல் வந்த அவர்களது கட்டுரைகளில் ஒன்று லிப்போயிக் அமிலம் எலியின் சிறுநீரகத்தைக் காப்பது பற்றி, இன்னொன்று ஹெப்பாரின் வகை மருந்து இதயத்தையும் கல்லீரலையும் காப்பது பற்றி. 2005-இல் இதயம், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் சேர்த்தே பார்த்தார்கள். ஒரே உறுப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டியவர்களோடு ஒப்பிட்டால் இது நேர்மையான வழி என்றே சொல்ல வேண்டும்.

சுண்டெலியிடம் போனால் கதை வேறு மாதிரி. சுண்டெலிகளில் பல வகைகளுக்கு இந்தச் சிறுநீரக வியாதி வருவதே இல்லை. ஒரு வெள்ளைச் சுண்டெலி வகைக்கு வரும், ஆய்வுக்கூடங்களில் சகஜமாக வளர்க்கும் கறுப்பு வகைக்கு வராது. டி.என்.ஏ. உடைப்பைச் செப்பனிடும் ஒரு மரபணுவில் உள்ள மாற்றமே இதற்குக் காரணம் என்று 2010-இல் கண்டார்கள். மனிதர்களுக்கும் இந்தச் சிறுநீரகக் கோளாறு அபூர்வம். ஆக, எலியின் இரத்தத்தில் வெளுத்து ஓடிய கொழுப்பைப் பார்த்து மனிதனின் இதயத்துக்கு வைத்தியம் சொன்னால் அது எவ்வளவு தூரம் சரிவரும்?

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் கனடாவிலிருந்து ஒரு சுவாரசியமான ஆய்வு வந்தது. வின்னிபெக் நகரில் பவன் சிங்கல் என்ற இந்திய வம்சாவளி ஆய்வாளரின் குழு, எலிகளுக்கு இரண்டு வாரத்தில் ஆறு ஊசிகளாக, கிலோவுக்கு மொத்தம் 15 மில்லிகிராம் கொடுக்கும் முறையைக் கையாண்டது. பல நாடுகளில் இன்றைக்கும் இதைப் பின்பற்றுகிறார்கள். எலிகளுக்கு இதயம் பலவீனமாகும், வயிற்றில் நீர் சேரும், இரத்தத்தில் கொழுப்பு ஏறும். 1994-இல் அவர்கள் புரோபுகால் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எலிகள் தப்பித்தன! அடுத்த ஆண்டே புற்றுநோயைக் கொல்லும் திறன் இதனால் குறையவில்லை என்றும் காட்டினார்கள்.

புரோபுகால் ஒரு இரட்டை வேடக்காரன். கொலஸ்ட்ராலைக் குறைக்கும், காறலையும் தடுக்கும். காப்பாற்றியது எந்த வேடம்? 1997-இல் அதே குழு லோவாஸ்டாட்டினைக் கொண்டு வந்தது. அதைக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தாக மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அதுவும் எலிகளைக் காத்தது, ஆனால் அரைகுறையாக. இரத்தக் கொழுப்பைக் குறைப்பதும் முக்கியம்தான், அது மட்டும் போதாது என்பது அவர்கள் முடிவு. நல்ல சோதனை, சந்தேகமில்லை. இருந்தாலும் இடிக்கிறது. வயிற்றில் நீர் சேர்வது இதயம் தளர்ந்தாலும் வரும், சிறுநீரகச் சல்லடை ஓட்டையானாலும் வரும். கொழுப்பு ஏறுவதும் அப்படியே. எலி தப்பியது என்றால், தப்பியது எந்த உறுப்பு?

புரோபுகாலின் கதை சோகம். நல்ல கொலஸ்ட்ராலையும் சேர்த்துக் குறைக்கிறது என்ற குறை அதற்கு ஏற்கெனவே இருந்தது. 1995-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது. எலிகளைக் காத்த மருந்து அங்கே புற்றுநோயாளிகளிடம் வரவே இல்லை.

இதற்கிடையில் உண்மையிலேயே வேலை செய்த ஒரு மருந்து கொழுப்புப் பக்கமே போகாமல் வந்து சேர்ந்தது. லண்டனில் புற்றுநோய்க்காகத் தயாரித்த ஒரு வேதிப்பொருள் குடும்பத்தை, அமெரிக்காவின் யூஜின் ஹெர்மன் 1970-களில் வெள்ளெலிகளில் தொடங்கி முயல், நாய், பன்றி என்று சோதித்துப் பார்த்தார். அதில் தேறிய டெக்ஸ்ராஸாக்சேன் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் காறல் நடக்கவில்லை என்று எல்லாரும் நம்பினார்கள். இரும்பைப் பிடிக்கும் வேறு மருந்துகள் ஏன் அதே அளவு காக்கவில்லை என்ற கேள்வி மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது.

2012-இல் ஹூஸ்டனின் எட்வர்ட் யே குழு அந்த முடிச்சை அவிழ்த்தது. டி.என்.ஏ. சுருளைப் பிரிக்கும் டோபோஐசோமரேஸ் என்ற நொதியில் இரண்டு வகை உண்டு. வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்லில் முதல் வகை அதிகம். பெருகாத இதயச் செல்லில் இருப்பது இரண்டாவது வகை. டாக்ஸோரூபிசின் இரண்டையும் பிடித்து டி.என்.ஏ.வை உடைக்கிறது. இதயத்தில் மட்டும் இரண்டாவது வகை இல்லாதபடி செய்த சுண்டெலிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். இதயம் கெடவில்லை! சாதாரணச் சுண்டெலிகளின் இதயத்திலோ மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கி, கொழுப்பை எரிக்கும் ஏற்பாட்டை நடத்தும் மரபணுக்களின் குரல் மருந்தால் அடங்கிப்போயிருந்தது. டெக்ஸ்ராஸாக்சேன் இந்த இரண்டாவது வகை நொதியைக் குறைத்துவிடுகிறது என்பதையும் வேறொரு குழு 2007-இலேயே காட்டியிருந்தது.

இப்போது அந்த மூன்று கொழுப்புகளையும் திரும்பிப் பார்த்தால் வரிசையே மாறுகிறது. சவ்வு காறுவதும் அடுப்பு அணைவதும் பொய்யில்லை, ஆனால் அவை பெரும்பாலும் பின்னால் வருபவை. அடி முதலில் விழுவது மரபணுவின் மேல். இரத்தக் கொழுப்போ, எலியைப் பொறுத்தவரை, பெரும்பகுதி சிறுநீரகத்தின் வேலை.

அப்படியானால் லோவாஸ்டாட்டின் எலியை ஏன் காத்தது? 2011-இல் ஜெர்மனியில் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒரு துப்பு கொடுத்தது. ஸ்டாட்டின் மருந்துகள் கொலஸ்ட்ராலைக் குறைப்பதோடு, ரேக்-1 என்ற செல்லுக்குள்ளான ஒரு புரதத்தையும் முடக்குகின்றன. அந்தப் புரதம் முடங்கினால் டாக்ஸோரூபிசினால் வரும் டி.என்.ஏ. உடைப்பு குறைகிறது. கொழுப்பு மருந்து காப்பாற்றியது உண்மைதான், கொழுப்பு வழியாகத்தான் காப்பாற்றியது என்று சொல்லத்தான் முடியாது!

மனிதர்களிடம் சோதனை வர இன்னும் பத்து வருடம் ஆனது. 2022-இல் வெளிவந்த முதல் பெரிய சோதனையில் 279 பேர், பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயாளிகள். பாதிப் பேருக்கு தினம் 40 மில்லிகிராம் அடோர்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. இரண்டு வருடம் கழித்து இதயத்தின் இயக்கத்தில் வித்தியாசம் இல்லை. 2023-இல் இன்னொன்று, 300 நிணநீர்ப் புற்றுநோயாளிகள், அதே மாத்திரை, அதே அளவு. ஒரு வருடத்தில் இதயத்தின் இறைக்கும் திறன் கணிசமாகச் சரிந்தவர்கள் வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 22%, ஸ்டாட்டின் வாங்கியவர்களில் 9%. இதயச் செயலிழப்பு என்ற முழு நோயாக மாறியவர்களின் எண்ணிக்கையில் மட்டும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. இரண்டாவது சோதனையில் இருந்தவர்கள் பொதுவாக டாக்ஸோரூபிசின் வகை மருந்தைக் கூடுதலாக வாங்கியவர்கள், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குத்தான் பலன் தெரியும் போலும் என்கிறார்கள்.

இதயத்துக்கு ஆபத்து அதிகம் என்று தெரிகிற புற்றுநோயாளிகளுக்கு ஸ்டாட்டின் கொடுப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2022-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஸ்டாட்டின் சோதனைகளுக்கு வந்தவர்கள் கொலஸ்ட்ராலுக்காக அந்த மாத்திரை தேவைப்பட்டவர்கள் அல்ல. இரத்தம் பால் போல வெளுத்தவர்கள் யாரும் அங்கே இல்லை.